நியூ ஆர்லியன்ஸ் எப்படி மூழ்கியது: ஒரு வாசகருக்குக் கடிதம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கத்ரீனா புயலில் நியூ ஆர்லியன்ஸ் நகரம் மூழ்கியதற்கு மனிதர்கள் செய்த வேலையே காரணம் என்று நான் எழுதியிருந்தது உங்களுக்கு மிகையாகப் பட்டிருக்கிறது. வேதாரண்யம் பக்கத்துத் தென்னை விவசாயி நீங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது, தாத்தா வைத்த தோப்பு வேரோடு சாய்ந்ததைப் பார்த்தவர். “காற்றைப் பிடித்து யார் குற்றம் சொல்வது? வல்லரசானால் என்ன, நம் ஊரானால் என்ன, புயல் என்றால் புயல்தானே?” என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி ஓர் இரவைக் கண்டவருக்கு இரண்டு வரியில் பதில் எழுத மனம் வரவில்லை. இதே கேள்வி வேறு பலருக்கும் இருக்கும் என்பதால் பொதுவிலேயே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் பக்கத்து நியாயம். கத்ரீனா 2005 ஆகஸ்ட் 23 அன்று பஹாமாஸ் தீவுகளுக்கு அருகே உருவானது. ஃபுளோரிடாவின் தென்பகுதியைக் கடந்தபோது அது முதல் வகைப் புயல்தான். மெக்சிகோ வளைகுடாவின் வெப்பமான நீர்ப்பரப்புக்கு வந்ததும் வீறுகொண்டு, 28ஆம் தேதி மணிக்கு 280 கிலோமீட்டர் வேகக் காற்றோடு ஐந்தாம் வகையை எட்டியது. மறுநாள் காலை லூசியானா மாநிலத்தில் பியூராஸ் என்ற சிற்றூர் அருகே கரையேறும்போது வேகம் 205 கிலோமீட்டராகத் தணிந்திருந்தது. ஆனால் நடுக்கடலில் அது கிளப்பிவிட்டிருந்த தண்ணீர் தணியவில்லை. கிழக்கே மிசிசிப்பி மாநிலக் கரையில், பாஸ் கிறிஸ்டியன் ஊரில், கடல் எட்டு மீட்டருக்கும் மேலே ஏறி வந்தது. பே செயின்ட் லூயிஸ், வேவ்லேண்ட் ஊர்களில் தெருத் தெருவாக வீடுகளே இல்லாமல் போயின. சிமென்ட் தளமும் வாசற்படியும் மட்டும் மிஞ்சின. அந்த மாநிலத்தில் மட்டும் 238 பேர் இறந்ததாகக் கணக்கு. அந்தக் கரையில் நின்றிருந்தால் நானும் உங்களைப்போலத்தான் பேசியிருப்பேன்.

அங்கேகூடத் தண்ணீர் வடிந்த பிறகு வேறொரு கதை தொடங்கியது. அமெரிக்காவில் வீட்டுக் காப்பீடு காற்றால் வரும் சேதத்துக்குப் பணம் தரும், வெள்ளத்துக்குத் தராது. வெள்ளத்துக்கு அரசுத் திட்டத்தில் தனியாகக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். வெறும் தளம் மட்டும் எஞ்சிய இடத்தில் வீட்டைக் கொண்டுபோனது காற்றா, தண்ணீரா? நிறுவனங்கள் தண்ணீர் என்றன. வீட்டுக்காரர்கள், தண்ணீர் வருவதற்கு முன்பே கூரை பறந்துவிட்டது என்றார்கள். சாட்சி சொல்ல ஒரு சுவர்கூட நிற்கவில்லை. வழக்குகள் ஆண்டுக்கணக்கில் ஓடின. வெள்ளக் காப்பீடு எடுக்காதவர்களில் பலர், “உங்கள் பகுதிக்கு வெள்ள அபாயம் இல்லை” என்று அரசு வரைபடமே சொன்னதை நம்பியவர்கள்.

இனி நியூ ஆர்லியன்ஸ். நான் வாதாடுவது இந்த நகரத்தை வைத்துத்தான்.

ஒரு பக்கம் மிசிசிப்பி ஆறு, மறுபக்கம் பான்சர்ட்ரெயின் ஏரி. ஏரி என்று பெயரே தவிர அது கடலோடு தொடர்புள்ள நீர்நிலை. பழைய நகரம் ஆற்றோரத்து மேட்டில் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பால்ட்வின் வுட் என்ற பொறியாளர் வடிவமைத்த ராட்சத பம்புகள் வந்த பிறகு, ஏரிப் பக்கத்துச் சதுப்பு நிலத்தை வற்றவைத்து வீடு கட்டினார்கள். சதுப்பு மண்ணில் நீரை உறிஞ்சினால் மண் சுருங்கும், தரை இறங்கும். இறங்க இறங்க இன்னும் பம்பு அடிக்க வேண்டும், அடிக்க அடிக்க இன்னும் இறங்கும். கடைசியில் ஊரின் பாதியளவு கடல் மட்டத்துக்குக் கீழே போய், நடுவில் குழிந்த சட்டியாகிவிட்டது. மழை பெய்தால் அந்தத் தண்ணீரைப் பம்புகள் மேலே ஏற்றி, ஊருக்குள்ளேயே ஓடும் கால்வாய்கள் வழியே ஏரிக்குத் தள்ளும். கத்ரீனா காலம்வரை, புயல் நேரத்தில் ஏரி உயர்ந்தால் அதே கால்வாய்கள் வழியே ஏரி ஊருக்குள் எட்டிப்பார்க்கும். தடுப்பதற்குக் கால்வாயின் இரு கரையிலும் சுவர்கள் இருந்தன. அவற்றைத் தவிர வேறு காப்பு இல்லை.

1965இல் பெட்ஸி என்ற புயல் இதே ஊரை மூழ்கடித்தபோது, இனி இப்படி நடக்கக்கூடாது என்று அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டது. வெள்ளத் தடுப்புக் கரைகளை வடிவமைத்துக் கட்டும் பொறுப்பு ராணுவப் பொறியாளர் படைக்குத் தரப்பட்டது. நாற்பது ஆண்டுகள் கழித்து கத்ரீனா வந்தபோதும் அந்த வேலை முடிந்திருக்கவில்லை. ஓர் இடத்தில் உயரம், பக்கத்திலேயே பள்ளம். ஓர் இடத்தில் சுவர், அடுத்து வெறும் மண்.

பதினேழாம் தெருக் கால்வாயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் 29 காலையில் அந்தக் கால்வாயின் கிழக்குச் சுவர் பெயர்ந்தது. அந்த நேரத்தில் தண்ணீர் சுவரின் உச்சியைத் தொடவே இல்லை, இன்னும் சில அடிகள் பாக்கி இருந்தன. ஆக, எந்த அளவு தண்ணீருக்காகக் கட்டப்பட்டதோ அதைவிடக் குறைந்த தண்ணீரில் சுவர் விழுந்திருக்கிறது. ஏன்? மண்ணுக்குள் இரும்புத் தகடுகளை வரிசையாக அடித்து, அவற்றின் தலையில் கான்கிரீட் சுவர் எழுப்பியிருந்தார்கள். அந்தத் தகடுகள் போதிய ஆழத்துக்குப் போகவில்லை. அவற்றின் அடிமுனை கால்வாயின் அடிமட்டத்தைக்கூடத் தாண்டவில்லை. கீழே இருந்ததோ பழைய சதுப்பின் மக்கிய மண்ணும் மெத்தென்ற களிமண்ணும். தண்ணீர் ஏறியதும் சுவர் லேசாக வெளிப்பக்கம் சாய்ந்தது. சாய்ந்த சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு பிளவு விழுந்தது, அந்தப் பிளவுக்குள் தண்ணீர் இறங்கியது, கரையோடு சேர்த்துச் சுவர் வழுக்கிக்கொண்டு போனது.

இந்தப் பிளவு விழக்கூடும் என்பது யாருக்குமே தெரியாத ரகசியமா என்றால், இல்லை. 1980களின் நடுவில் பொறியாளர் படையே லூசியானாவில் இப்படி ஒரு சுவரைக் கட்டி, தண்ணீர் நிரப்பிச் சோதித்துப் பார்த்திருக்கிறது. அதிலும் தகடுகள் நகர்ந்து இடைவெளி விழுந்தது. சோதனைச் சுவரின்மேல் கிடந்த தார்ப்பாய் அந்த இடைவெளியை மூடிவிட்டதால் அதற்குள் தண்ணீர் இறங்கினால் என்ன ஆகும் என்பது கணக்கில் வரவில்லை. ஆழம் குறைவாக அடித்தாலே போதும் என்று முடிவெடுத்தார்கள். செலவு குறைந்தது. பிற்பாடு ஆய்வாளர்கள் தோண்டியெடுத்த உண்மை இது.

லண்டன் அவென்யூக் கால்வாயிலும் இரண்டு இடங்களில் இப்படியே, நீர் உச்சியைத் தொடுவதற்கு முன்பே சுவர் போனது. ஊரைச் சுற்றி மொத்தம் ஐம்பதுக்கும் மேற்பட்ட உடைப்புகள். சில இடங்களில் உயரத்தை அளக்கத் தொடங்கிய அடிக்குறியே தவறு. நிலம் இறங்கிக்கொண்டிருந்ததைச் சேர்க்காமல் பழைய அளவை வைத்துக் கட்டியதால், காகிதத்தில் இருந்த உயரத்தைவிடச் சுவர்கள் ஓரிரு அடி தாழ்வாகவே நின்றன. நகரின் 80 சதவீதப் பரப்பு தண்ணீருக்கடியில் போனது. 2006இல் பொறியாளர் படையே ஆயிரக்கணக்கான பக்கங்களில் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டு, நகரின் வெள்ளத் தடுப்பு பெயரளவுக்குத்தான் ஓர் அமைப்பாக இருந்தது என்று ஒப்புக்கொண்டது. படையின் தலைமைத் தளபதி கார்ல் ஸ்ட்ராக் வடிவமைப்பில் குறை இருந்ததைப் பொதுவெளியில் ஏற்றார். அவ்வளவு பெரிய அமைப்பு தன் தவறை எழுத்தில் வைத்தது எளிய காரியமில்லை என்றே நினைக்கிறேன். அதைச் செய்யவைத்தவர்கள் வெளியிலிருந்து வந்த பொறியாளர்களும், தங்கள் சுவர் ஏன் விழுந்தது என்று கேட்பதை நிறுத்தாத ஊர் மக்களும்.

நகரின் கிழக்கே இன்னொரு கொடுமை. கப்பல்கள் ஆற்றைச் சுற்றாமல் வளைகுடாவிலிருந்து நேராக ஊருக்கு வருவதற்காக, 1950களின் கடைசியிலிருந்து 1960களுக்குள் சதுப்பு நிலத்தைக் கிழித்து நூறு கிலோமீட்டருக்கு மேல் நீளமான ஒரு கால்வாய் வெட்டினார்கள். எதிர்பார்த்த அளவுக்குக் கப்பல் வரவில்லை, உப்புநீர்தான் வந்தது. நன்னீரில் வளர்ந்த சைப்ரஸ் மரக்காடுகள் பட்டுப்போயின. அலையின் வேகத்தை வாங்கிக்கொள்ள இருந்த காடும் புல்வெளியும் அழிந்தன. கரைகள் அரித்து, கால்வாய் வெட்டியதைவிடப் பல மடங்கு அகலமானது. இது ஆபத்து என்று உள்ளூர்க்காரர்கள் வெகுகாலமாகச் சொல்லிவந்தார்கள். கத்ரீனா வந்த காலையில் அந்தக் கால்வாயை ஒட்டி மணலும் சிப்பியும் கலந்து போட்டிருந்த கரைகள் கரைந்து, செயின்ட் பெர்னார்ட் மாவட்டம் அநேகமாக முழுதும் மூழ்கியது. இண்டஸ்ட்ரியல் கால்வாயின் சுவர் உடைந்து கீழ் ஒன்பதாம் வட்டம் என்ற குடியிருப்புப் பகுதியில் தண்ணீர் புகுந்த வேகத்தில் வீடுகள் அஸ்திவாரத்தை விட்டு மிதந்து போயின. ஒரு பெரிய சரக்குத் தோணியே உடைப்பு வழியாக உள்ளே வந்து வீடுகளின் மேல் உட்கார்ந்தது.

வழக்குப் போட்டார்கள். 2009இல் ஸ்டான்வுட் டுவால் என்ற மத்திய நீதிபதி, அந்தக் கப்பல் கால்வாயைப் பராமரிப்பதில் பொறியாளர் படை அலட்சியமாக இருந்தது என்று தீர்ப்பளித்தார். ஊருக்குள் உடைந்த கால்வாய்ச் சுவர்களைப் பொறுத்தவரை அவர் கை கட்டப்பட்டிருந்தது. வெள்ளத் தடுப்புப் பணிகளில் வரும் சேதத்துக்கு அரசைப் பொறுப்பாக்க முடியாது என்கிறது 1928ஆம் ஆண்டுச் சட்டம். 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கப்பல் கால்வாய்த் தீர்ப்பையும் ரத்து செய்தது. 2009இலேயே அந்தக் கால்வாயைப் பாறை போட்டு அடைத்துவிட்டார்கள் என்பது ஓர் ஆறுதல். இழந்தவர்களுக்கு அந்த வழக்கால் ஒன்றும் கிடைக்கவில்லை.

தண்ணீர் வந்த கதை இது. அந்தத் தண்ணீரில் யார் நின்றார்கள் என்பது இன்னொரு கதை.

மேயர் ரே நாகின் கட்டாய வெளியேற்றத்துக்கு உத்தரவிட்டது 28ஆம் தேதி ஞாயிறு காலை. புயல் கரையேற ஒரு நாள்கூட இல்லை. அதற்கு முன்பே பலர் கார்களில் கிளம்பிவிட்டார்கள். சுற்றுவட்டாரத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளியேறியதை ஒரு சாதனை என்றே சொல்ல வேண்டும், நெடுஞ்சாலையின் இரு பக்கத்தையும் வெளியே போகும் பாதையாக மாற்றியது பலன் தந்தது. ஆனால் அந்தத் திட்டம் கார் உள்ளவர்களுக்கானது. நகரில் நான்கில் ஒரு குடும்பத்துக்கு மேல் அன்று கார் இருக்கவில்லை. புயல் வந்ததோ மாதக் கடைசி. சம்பளமும் உதவித்தொகையும் ஒன்றாம் தேதிதான் வரும். விடுதி வாடகைக்கும் பெட்ரோலுக்கும் கையில் காசில்லாதவர் எங்கே போவார்? பள்ளிப் பேருந்துகள் வரிசையாகத் தண்ணீரில் மூழ்கி நிற்கும் படம் உலகமெங்கும் வந்தது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். “போகாமல் ஏன் இருந்தார்கள்?” என்று தொலைக்காட்சியில் கேட்டவர்களுக்கு அந்தப் படத்திலேயே பதில் இருந்தது.

போக முடியாதவர்களைச் சூப்பர்டோம் விளையாட்டரங்குக்கு வரச் சொன்னார்கள். புயலில் அதன் கூரை பிய்ந்தது, மின்சாரம் போனது, கழிவறைகள் நிரம்பி வழிந்தன, 25 ஆயிரம் பேருக்குமேல் உள்ளே அடைபட்டார்கள். மாநாட்டு மையத்தில் இன்னொரு 20 ஆயிரம் பேர் கூடினார்கள். அது முகாமாகத் திட்டமிடப்படாத இடம், அங்கே உணவும் இல்லை, குடிநீரும் இல்லை. நாட்கள் கடந்தன. செப்டம்பர் 1 அன்று, மத்திய அவசரகால நிர்வாக அமைப்பான ஃபீமாவின் தலைவர் மைக்கேல் பிரவுன், அங்கே மக்கள் இருப்பதே இன்றுதான் தெரிந்தது என்று தொலைக்காட்சியில் சொன்னார். அதே தொலைக்காட்சியில் உலகம் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

லூசியானாவில் இறந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் 75 வயதைக் கடந்தவர்கள். செயின்ட் பெர்னார்ட் மாவட்டத்தில் ஒரே முதியோர் இல்லத்தில் 35 பேர் மூழ்கினார்கள். மெமோரியல் மருத்துவமனையில் மின்சாரமும் குடிநீரும் இல்லாமல், ஆகஸ்ட் வெக்கையில், மீட்பு வருமா வராதா என்று தெரியாமல் நோயாளிகளும் மருத்துவர்களும் காத்திருந்தார்கள். பின்னர் அங்கிருந்து 45 உடல்கள் எடுக்கப்பட்டன. நடக்க முடியாதவர்கள், மாடிப்படி ஏற முடியாதவர்கள், மேல்தளப் பரண்வரை ஏறிக் கூரையை உடைக்கத் தெம்பில்லாமல் உள்ளேயே முடிந்தவர்கள். காற்றுக்கு வயது பார்க்கத் தெரியாது என்பீர்கள். உண்மைதான். ஆனால் இவர்களைக் கூட்டிப்போக ஒரு வண்டியை யார் அனுப்பியிருக்க வேண்டும் என்பது காற்றிடம் கேட்கும் கேள்வி இல்லை.

யாரும் எதிர்பார்க்கவில்லை என்ற பேச்சும் எடுபடாது. 2002இலேயே உள்ளூர் நாளிதழ் டைம்ஸ் பிகயூன் இந்த ஆபத்தைப் பற்றி ஐந்து நாள் தொடர் வெளியிட்டது. 2004 ஜூலையில் ‘பாம்’ என்று கற்பனையாகப் பெயரிட்ட ஒரு புயலை வைத்து மத்திய, மாநில அதிகாரிகள் கூடி ஒத்திகையே பார்த்தார்கள். ஊர் மூழ்கும், வண்டியில்லாதவர்கள் சிக்குவார்கள் என்பதெல்லாம் அந்த ஒத்திகையில் வந்துவிட்டது. அடுத்த கட்டத் திட்டம் முழுமையடைவதற்குள் நிஜப் புயல் வந்தது. அதே 2004 செப்டம்பரில், அதே கடற்பகுதியில், ஐவன் என்ற பெரும்புயல் கியூபாவை நெருங்கியபோது அந்த ஏழை நாடு ஏறத்தாழ 20 லட்சம் பேரை இடம் மாற்றியது. ஓர் உயிரும் போகவில்லை. நம் நாட்டிலேயே ஒடிசாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1999 பெரும்புயலில் சுமார் பத்தாயிரம் பேர் மாண்டார்கள். 2013இல் பைலின் புயல் வந்தபோது ஏறத்தாழ பத்து லட்சம் பேரை முன்கூட்டியே அப்புறப்படுத்தினார்கள். சாவு சில பத்துகளோடு நின்றது. புயல் பாதுகாப்புக் கட்டடங்கள், ஊர்தோறும் பயிற்சி பெற்ற தொண்டர்கள், ஆடுமாட்டை விட்டு வர மறுக்கும் கிழவியைப் பேசி அழைத்துவரும் பொறுமை ஆகியவை இடையில் வந்திருந்தன. கியூபாவிலும் ஒடிசாவிலும் பணம் அமெரிக்காவைவிட மிகக் குறைவு.

உங்களிடம் சொல்ல வேண்டும் என்று நெடுநாளாக நினைத்த ஒன்று, வதந்தி செய்த சேதம். சூப்பர்டோமில் கொலைகள், குழந்தைகள் மீது வன்கொடுமை, ஹெலிகாப்டர்மீது துப்பாக்கிச்சூடு என்றெல்லாம் செய்தி பரவியது. மேயரும் காவல்துறைத் தலைவருமே அவற்றைத் திரும்பச் சொன்னார்கள். ஒரு மாதம் கழித்து விசாரித்தபோது, சூப்பர்டோமில் இறந்த ஆறு பேரில் ஒருவர்கூடக் கொலையானவரில்லை என்று தெரிந்தது. ஆனால் அதற்குள் மீட்புக்குப் போக வேண்டியவர்கள் பாதுகாப்புக்காகக் காத்திருந்தார்கள். மூழ்கிய ஊரிலிருந்து பாலம் வழியாக நடந்து வந்தவர்களை அக்கரையில் கிரெட்னா நகரக் காவலர்கள் வானை நோக்கிச் சுட்டுத் திருப்பி அனுப்பினார்கள். செப்டம்பர் 4 அன்று டான்சிகர் பாலத்தில் ஆயுதமில்லாத ஆறு கறுப்பினத்தவரைக் காவலர்கள் சுட்டார்கள், இருவர் இறந்தார்கள். தவித்தவர்களைக் கலகக்காரர்களாகப் பார்க்க வைத்தது அந்தப் பேச்சுதான். அன்று ஊரில் மூன்றில் இரண்டு பங்கினர் கறுப்பினத்தவர் என்பதை இங்கே சொல்லாமல் விட்டால் நான் எழுதுவது பொய்யாகிவிடும்.

நல்லதும் நடந்தது. கடலோரக் காவல் படை 33 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை மீட்டது. யார் உத்தரவுக்கும் காத்திராமல் மீன்பிடிப் படகுகளோடு கிளம்பி வந்த சாதாரண மனிதர்கள் எத்தனை பேரைக் கூரைகளிலிருந்து இறக்கினார்கள் என்பதற்குச் சரியான கணக்கே இல்லை. எட்டு மாதங்களுக்கு முன்புதான் ஆழிப்பேரலையில் பல்லாயிரம் பேரைப் பறிகொடுத்திருந்த இலங்கை, அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு 25 ஆயிரம் டாலர் அனுப்பியது. இந்தியாவிலிருந்து நிவாரணப் பொருட்களோடு விமானப்படை விமானம் போனது.

ரீட்டா என்ற அடுத்த புயலில் சில பகுதிகள் மறுபடி நிறைந்து, அக்டோபர் 11 வாக்கில்தான் ஊர் முழுதும் வடிந்தது. ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் அழுக்குக் கோடு ஒன்று, தண்ணீர் நின்ற மட்டம். ஒவ்வொரு வாசலிலும் மீட்புக் குழுவினர் வண்ணத்தில் போட்ட பெருக்கல் குறி. மேலே தேதி, இடப்பக்கம் குழுவின் பெயர், வலப்பக்கம் உள்ளே என்ன ஆபத்து, கீழே எத்தனை பேர் என்ற எண். கீழே பூஜ்யம் இருந்த வீட்டுக்காரர்கள் பாக்கியசாலிகள். அழுகிய உணவோடு நாடா ஒட்டி மூடிய குளிர்பதனப் பெட்டிகள் தெருவெங்கும் நின்றன. சுவருக்குள் கருப்பாகப் பூஞ்சை ஏறியது. திரும்பி வந்தவர்களுக்குத் தந்த தற்காலிக வண்டி வீடுகளில் ஃபார்மால்டிஹைடு வாயு கசிந்து மூச்சை அடைத்தது.

வீடு கட்டப் பணம் கொடுத்த விதத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. ‘ரோடு ஹோம்’ என்ற திட்டம். புயலுக்கு முன் வீட்டின் சந்தை மதிப்பு எவ்வளவு, திரும்பக் கட்ட எவ்வளவு ஆகும், இந்த இரண்டில் எது குறைவோ அதை வைத்து உதவி என்றார்கள். கேட்க நியாயம்போலவே இருக்கும். ஒரே அளவு, ஒரே மரம், ஒரே சேதம் உள்ள இரண்டு வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். வெள்ளையர் பகுதியில் உள்ளதற்குச் சந்தை மதிப்பு அதிகம், கறுப்பினத்தவர் பகுதியில் உள்ளதற்குக் குறைவு. திரும்பக் கட்ட இருவருக்கும் அதே செங்கல், அதே கூலி. ஒருவருக்குக் கட்டி முடிக்கும் அளவு பணம் வந்தது, மற்றவருக்குப் பாதியில் நின்றது. 2008இல் வழக்கு வந்தது, 2011இல் சமரசமாகி ஆறு கோடி டாலருக்குச் சற்று மேல் கூடுதலாகத் தந்தார்கள். அதற்குள் ஆறு ஆண்டுகள் போய்விட்டன. இன்னொரு கூட்டம் உண்டு. தாத்தா பெயரில் பத்திரம், பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் பேசி வைத்துக்கொண்டு குடியிருந்த வீடுகள். பெயர் மாற்றவே இல்லை. வீடு உங்களுடையது என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டபோது காட்ட அவர்களிடம் காகிதம் இல்லை. இதைப் படிக்கையில் உங்களுக்கு நம் ஊர்ப் பட்டா விவகாரங்கள் நினைவுக்கு வந்திருக்கும்.

2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நியூ ஆர்லியன்ஸ் மக்கள்தொகை 4,84,674. 2010இல் 3,43,829. 2020இலும் நான்கு லட்சத்தைத் தொடவில்லை. சொந்த வீட்டுக்காரர்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த கீழ் ஒன்பதாம் வட்டத்துக்குப் பாதிப்பேர்கூடத் திரும்பவில்லை. இறந்தவர்களின் எண்ணிக்கைகூட 1,833 என்று வெகுகாலம் சொல்லப்பட்டு, 2023இல் அமெரிக்கத் தேசியப் புயல் மையத்தால் 1,392 என்று திருத்தப்பட்டது. பதினெட்டு ஆண்டுகள் ஆயின.

பாடம் படிக்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன். சுமார் 1,450 கோடி டாலர் செலவில் கரைகளையும் சுவர்களையும் புதிதாகக் கட்டினார்கள். கால்வாய்கள் ஏரியைத் தொடும் இடங்களில் மதகும் பம்பும் வந்தன. போர்ன் ஏரிப் பக்கம் ஏறக்குறைய மூன்று கிலோமீட்டருக்குக் கடல் தடுப்பு எழுந்தது. 2021இல், அதே ஆகஸ்ட் 29 அன்று, கரையேறும்போது கத்ரீனாவைவிட வேகமான ஐடா புயல் வந்தது. சுவர்கள் நின்றன, நகரம் மூழ்கவில்லை. நண்பரே, இதுதான் உங்களுக்கு நான் சொல்லக்கூடிய வலுவான பதில். சுவரை ஒழுங்காகக் கட்டிய பிறகு புயல் வந்தும் ஊர் நின்றது. ஆனால் நகருக்கு வரும் உயர்மின்பாதைகள் எட்டும் அறுந்தன. ஊரே இருண்டது. தண்ணீரில் சாகாத முதியவர்கள், மின்தூக்கியும் விசிறியும் ஓடாத அடுக்குமாடிகளில் வெக்கையில் இறந்தார்கள். சுவருக்கு வெளியே இருந்த லாப்ளாஸ் போன்ற ஊர்களில் தண்ணீர் புகுந்தது. பதினாறு ஆண்டு முன்னேற்றத்திலும் முதலில் விடுபட்டவர்கள் அதே வயதானவர்கள்.

சுவருக்கு முன்னால் இருக்க வேண்டிய சதுப்பு நிலமோ போய்க்கொண்டே இருக்கிறது. 1930களிலிருந்து லூசியானா ஐயாயிரம் சதுர கிலோமீட்டர் அளவுக்குக் கரையோர நிலத்தை இழந்திருக்கிறது. ஆற்றைக் கரைபோட்டுக் கட்டியதால் வண்டல் நிலத்தில் படியாமல் நேராக ஆழ்கடலில் போய் விழுகிறது, எண்ணெய்க் கம்பெனிகள் வெட்டிய கால்வாய்கள் உப்பை உள்ளே கொண்டுவருகின்றன. வண்டலை மீண்டும் சதுப்புக்குத் திருப்பிவிட ஒரு பெரிய திட்டத்தை 2023இல் தொடங்கினார்கள். செலவு கூடியது, சிப்பி வளர்ப்போரும் மீனவர்களும் தங்கள் பிழைப்பு போகும் என்று எதிர்த்தார்கள். அவர்கள் அச்சமும் நியாயமே. 2025இல் மாநில அரசு அதைக் கைவிட்டது. என் பார்வையில் அது பெரும் தவறு. அந்த மீனவர்களுக்கு இழப்பீட்டை ஒழுங்காகப் பேசி முடித்து வேலையை நடத்தியிருக்க வேண்டும். மண் வராத இடத்தில் சுவரை எத்தனை முறை உயர்த்தினாலும் தரை இறங்கிக்கொண்டேதான் இருக்கும்.

உங்கள் கேள்விக்குத் திரும்புகிறேன். மிசிசிப்பிக் கரையில் கடல் ஏறியதற்கும், உங்கள் தென்னைகள் சாய்ந்ததற்கும் நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. நியூ ஆர்லியன்ஸில் சுவர் விழுந்ததற்கும், வண்டி அனுப்பாததற்கும், சந்தை மதிப்பு பார்த்து உதவி கொடுத்ததற்கும் குற்றம் சொல்கிறேன். எல்லாவற்றையும் காற்றின் தலையில் போட்டிருந்தால் அந்தச் சுவரின் ஆழத்தை யாரும் அளந்திருக்க மாட்டார்கள், ஐடாவில் ஊர் மறுபடி மூழ்கியிருக்கும்.

ஒரு வேண்டுகோள். கஜா நாளில் உங்கள் ஊரில் கடல் எதுவரை வந்தது, எந்த வீட்டுக்காரர்கள் முகாமுக்குப் போனார்கள், போகாதவர்கள் ஏன் போகவில்லை, படுக்கையில் கிடந்தவர்களை யார் தூக்கிக்கொண்டு போனது, எத்தனை நாள் மின்சாரம் இல்லை, மரத்துக்கு நிவாரணம் கேட்டபோது என்ன காகிதம் கேட்டார்கள், பட்டா இல்லாதவர்களும் குத்தகைக்காரர்களும் என்ன ஆனார்கள் என்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். அக்கம்பக்கத்துப் பெரியவர்களையும் பெண்களையும் உட்கார வைத்துக் கேட்டு எழுதுங்கள். எழுதியதில் ஒரு படியை உங்கள் ஊராட்சியில் கொடுத்து, அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் வாசிக்கச் சொல்லுங்கள். எனக்கும் ஒரு படி அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்